யார் படத்துக்கு மாலை

சித்தப்பா போட்ட அலறலில்தான் என் கையிலிருந்த அவரைக்காய்ச் சட்டி கீழே விழுந்தது. ஒரு பெரிய ஆண்பிள்ளை அப்படி அலறி அதுவரை நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

பெங்களூர் அல்சூரில் ஏரிக்குப் போகும் வழியில் எங்கள் லைன் வீடு இருந்தது. ஒரே அறை, பின்னால் அடுப்புக்கு மட்டும் கொஞ்சம் இடம். அன்றைக்கு என் அம்மாவுக்குப் படையல். அம்மா நான் தவழும் வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டவள். சுவரோரம் மணையைப் போட்டு அதன்மேல் அவள் படத்தை வைத்திருந்தோம். சட்டத்துக்குச் சாமந்தி மாலை. கண்ணாடியில் நெற்றிக்கு நேராகக் குங்குமம். பக்கத்தில் விளக்கு. அப்பா தணலில் சாம்பிராணியைத் தூவி, புகை படத்தின் மேல் போகும்படி விசிறிக்கொண்டிருந்தார்.

வாசலில் நெடுநெடுவென்று ஓர் ஆள் வந்து நின்றார். கையில் இனிப்புப் பொட்டலம். செருப்பைக் கழற்றிக்கொண்டே அசட்டுச் சிரிப்போடு உள்ளே எட்டிப் பார்த்தார். சண்டைக்காரர்கள் சமாதானத்துக்கு வரும்போது ஒரு சிரிப்புச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

அவர் பார்வை படத்தின் மேல் விழுந்தது.

"அய்யோ கன்னிம்மா!"

பொட்டலம் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். வாசற்படியிலேயே சரிந்து உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "முந்தாநேத்துதானேடி ரயிலேத்தி உட்டேன்! நல்லாத்தானேடி போன! ஒரு வார்த்த சொல்லி அனுப்பலியே பாவிங்க! மால போட்டு ஒக்கார வச்சிட்டாங்களே!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் அம்மாவின் பெயர் பச்சையம்மா. கன்னியம்மா என்பது அம்மாவின் தங்கை, என் சின்னம்மா. வந்திருப்பவர் அவள் புருஷன், கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்க்கும் துரைசாமிச் சித்தப்பா என்பது பிறகுதான் தெரிந்தது. சின்னம்மாவோ சற்று முன்புதான் என் தலையை வாரிப் பின்னிவிட்டு, தன் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாழையிலை வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். அவள் எதற்குச் சாகவேண்டும்? இந்த மனிதருக்கு என்ன பைத்தியமா?

அப்பாவின் கையில் விசிறி அப்படியே நின்றுவிட்டது. அவர் சித்தப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். ஏன் என்னைப் பார்க்கிறார் என்றும் எனக்குத் தெரியவில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயதோ பத்து வயதோ இருக்கும்.

சித்தப்பாவை அந்த வாசற்படியிலேயே கொஞ்ச நேரம் அழவிட்டுவிட்டு நான் பழைய கதைக்குப் போகவேண்டியிருக்கிறது. வாசகர்கள் மன்னிக்கவேண்டும். அந்தச் சட்டம் எங்கள் வீட்டுக்கு வந்த விதத்தைச் சொல்லாவிட்டால் இது விளங்காது.

சட்டம்தான் முதலில் வந்தது

அப்பா தண்டில், அதாவது கன்டோன்மென்ட் பக்கத்தில், வெள்ளைக்கார ஆபீசர்களின் மெஸ்ஸில் சாப்பாடு பரிமாறும் பேரராக இருந்தார். வெள்ளை உடுப்பு, இடுப்பில் பட்டை, தலையில் விசிறி மடிப்புத் தலைப்பாகை. வீட்டில் கந்தல் லுங்கியோடு இருப்பவர், காலையில் ராஜா மாதிரி கிளம்பிப் போவார்.

ஆபீசர்களின் பங்களாக்களுக்கும் அவரை வேலைக்குக் கூப்பிடுவதுண்டு. அங்கே அவரை அதிசயப்படுத்தியது வெள்ளித் தட்டோ பியானோவோ இல்லை. கணப்பு மேடையின் மேல் வரிசையாக நின்ற படங்கள். பாதிப்பேர் செத்துப்போனவர்கள். ஒரு கிழவர், சண்டையில் செத்த தன் மகன் படத்துக்கு முன்னால் வருஷத்தில் ஒருநாள் ஒரு கிளாஸை வைத்து, தனக்கும் ஒன்றை ஊற்றிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்பாராம். ஊற்றிக் கொடுத்தவர் எங்கள் அப்பா.

"செத்தவங்கள மூஞ்சியோட வச்சிருக்கானுங்க பாரு," என்று அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சுதந்திரம் வந்தது. வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். தண்டில் எந்தத் தெருவுக்குப் போனாலும் நாற்காலியும் கட்டிலும் வண்டியேறிக்கொண்டிருக்கும். ஒரு துரைசானி போகிறபோது அப்பாவுக்கு ஒரு சட்டத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். கருப்பு மரத்தில் இலையும் கொடியும் செதுக்கிய சட்டம். படத்தை மட்டும் உருவித் தன்னோடு எடுத்துப்போய்விட்டாள்.

அப்பா அந்தக் காலிச் சட்டத்தைக் கொண்டுவந்து சுவரில் ஆணியடித்து மாட்டினார். கண்ணாடிக்குப் பின்னால் எங்கள் வீட்டுச் சுண்ணாம்புச் சுவர்தான் தெரிந்தது. லைனில் எல்லோருக்கும் இது பெரிய வேடிக்கை. பக்கத்து வீட்டு ஆயிஷாம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணே, காலி சட்டத்துக்கு ஆணி அடிச்சிருக்கே? அதுல யார் தெரியுறாங்க?" என்று கேட்டாள்.

"வருவாங்க," என்றார் அப்பா.

தனியாக நின்ற மாப்பிள்ளை

வருவதற்கு ஒரு படமும் இல்லை என்பதுதான் தொல்லை. போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்பது என் அம்மாவின் பயம். அந்த நாளில் பலருக்கும் அந்தப் பயம் இருந்தது. அம்மாவுக்குக் கொஞ்சம் அதிகம்.

சின்னம்மாவின் கல்யாணத்தை என் அப்பா அம்மாதான் அல்சூரில் நடத்தி வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஆசையாக ஒரு போட்டோக்காரரைக் கூட்டிவந்தார்கள். அவர் கருப்புத் துணிக்குள் தலையை விட்டாரோ இல்லையோ, அம்மா தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடிவிட்டாள். மணப்பெண்ணும் அக்காளும் விறகுக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, யார் கூப்பிட்டும் வரவில்லை. கடைசியில் சித்தப்பா மட்டும் மாலையும் கழுத்துமாகத் தனியே நின்று கல்யாணப் போட்டோ எடுத்துக்கொண்டார். தங்கவயலில் அவர் வீட்டுக் கூடத்தில் அது தொங்கும். பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டுத்தான் நிற்பார்.

அந்தக் கல்யாணத்தில்தான் சண்டையும் வந்தது. வெள்ளைக்காரர் மெஸ்ஸில் பெண்களுக்குத்தான் முதலில் பரிமாறவேண்டும். அப்பா கை அந்தப் பழக்கத்தில் போய்விட்டது. மாப்பிள்ளையின் மாமன்மார்கள் இலை முன்னால் காத்திருக்க, எதிர்ப் பந்தியில் பெண்களுக்கு முதலில் வடை போட்டுவிட்டார். தீர்ந்தது. அன்றோடு சித்தப்பா எங்கள் வாசற்படி மிதிப்பதில்லை என்று சத்தியம் செய்துவிட்டுப் போனார். ஒரு வடைக்காக இத்தனை வருஷமா என்று கேட்காதீர்கள், எங்கள் ஜனங்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது இல்லை. சின்னம்மா மட்டும் தனியே ரயிலேறி வருவாள், போவாள்.

எங்கள் பூர்வீகம் வட ஆர்க்காடு. பூவும் பொட்டுமாகப் போய்விட்ட பெண்களைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். அதற்குப் படம் வேண்டாம். ஒரு செம்பில் தண்ணீர், கொஞ்சம் மஞ்சள், பூ, ஒரு புதுப்புடவை போதும். கும்பிட்டு முடிந்ததும் அந்தப் புடவையை வீட்டுப் பெண் ஒருத்தி கட்டிக்கொள்வாள். அப்படியே செய்துவிட்டுப் போகலாமே என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள்.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "செம்பப் பாத்துக் கொழந்த அம்மான்னு கூப்புடுமா?" என்று கேட்டார்.

அம்மா வந்தாள்

ஒருநாள் நான் வெளியே விளையாடிவிட்டு வந்தபோது சட்டத்துக்குள் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"இதான் அம்மா," என்றார் அப்பா.

அம்மா என்ற சொல்லுக்கு ஒரு முகம் கிடைத்த நாள் அது. செதுக்கிய நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கையை அதன் கைப்பிடியில் வைத்திருந்தாள். இன்னொரு கை மடியில், கட்டைவிரலை உள்ளே மடக்கி மூடியிருந்தது. கட்டம் போட்ட புடவை, மூக்கில் ஒற்றைக்கல் மூக்குத்தி. அந்தப் புடவையும் மூக்குத்தியும் எங்கள் டிரங்குப் பெட்டியில் இருந்தவை. தொட்டுப் பார்த்திருக்கிறேன். ஆகவே இது அம்மாதான் என்பதில் எனக்கு என்ன சந்தேகம் வரும்?

சின்னம்மாவின் ஜாடை அப்படியே இருந்தது. அதுவும் எனக்கு விசித்திரமாகப் படவில்லை. அக்காள் தங்கை என்றால் ஜாடை இருக்காதா?

அம்மா இறந்தது அவரைக்காய்க் காலத்தில். பெங்களூரில் அந்தக் குளிர் மாதங்களில் தெருவெல்லாம் அவரைக்காய் குவிந்து கிடக்கும், ஊரே அதன் வாசனையாக இருக்கும். ஊறவைத்த கொட்டையைப் பிதுக்கித் தோலை நீக்கிக் குழம்பு வைப்பது அம்மாவுக்குப் பிரியமாம். அதனால் வருஷா வருஷம் அந்தக் காலத்தில் படையல் என்று அப்பா ஏற்பாடு செய்தார். பிதுக்கம்பருப்புக் குழம்பு, வடை, ராகிக் களி. அப்பாவே சமைப்பார். பிதுக்குவது என் வேலை. விரல் நகமெல்லாம் பச்சை வாடை அடிக்கும். அந்த வாடை என் அம்மாவின் வாடை என்று நான் மனசுக்குள் தீர்மானம் செய்துகொண்டிருந்தேன்.

எங்கள் லைனில் வேறு யார் வீட்டிலும் செத்தவர்களுக்குப் படம் கிடையாது. ஆகவே எங்கள் வீட்டுப் படையல் ஓர் அதிசயம். ஆயிஷாம்மாகூட வாசலில் நின்று பார்த்துவிட்டு, "மாஷா அல்லா, எவ்ளோ லட்சணமா இருக்கா," என்பாள்.

மற்ற நாட்களில் நான் படத்தோடு பேசுவேன். அப்பா வேலைக்குப் போனதும் வீட்டில் நானும் அவளும்தான். பள்ளிக்கூடத்தில் எவள் என் சிலேட்டை உடைத்தாள், எவளை நான் கிள்ளினேன் எல்லாம் அவளுக்குத் தெரியும். அப்பாவிடம் சொல்லாதே என்று கெஞ்சியிருக்கிறேன். சொன்னதில்லை.

வாழையிலையோடு வந்தவள்

இனி வாசற்படிக்கு வருகிறேன்.

சித்தப்பா அழுதுகொண்டிருக்கிறார். லைன் ஜனம் கூடிவிட்டது. அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, இடுப்பில் பிள்ளையும் தலையில் வாழையிலைக் கட்டுமாகச் சின்னம்மா வந்தாள்.

"இன்னா கூட்டம்? யாருக்கு இன்னாச்சு?"

சித்தப்பா நிமிர்ந்தார். அழுகை சட்டென்று நின்றுவிட்டது. உட்கார்ந்த வாக்கிலேயே பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் போய் முட்டிக்கொண்டார். கண்கள் சின்னம்மாவைப் பார்க்கின்றன, படத்தைப் பார்க்கின்றன, திரும்பவும் சின்னம்மாவைப் பார்க்கின்றன. பட்டப்பகலில் பேயைப் பார்த்தவரின் முகம் எப்படி இருக்கும் என்று அன்று பார்த்துவிட்டேன்.

குழந்தை "நைனா" என்று அவரை நோக்கிக் கையை நீட்டியது. அப்போதுதான் அவருக்கு உயிர் வந்தது. எழுந்து போய்ச் சின்னம்மாவின் தோளைத் தொட்டுப் பார்த்தார். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். அத்தனை பேர் நடுவில் புருஷன் பெண்டாட்டியைத் தொடுவது அந்தக் காலத்தில் நடக்கிற காரியமா? யாரும் சிரிக்கவில்லை.

ஆள் உயிரோடிருப்பது நிச்சயமானதும் அவருக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"அப்ப இது யாரு?" என்று படத்தைக் காட்டினார். "பொடவ வேற, மூக்குத்தி வேறயா இருக்கலாம். கட்டவெரல உள்ள மடக்கிக்கினு ஒக்காருறது யாரு? பயந்தா நீதானே அப்புடி மடக்குவ? எனக்குத் தெரியாதா?"

சின்னம்மா இலைக்கட்டை இறக்கி வைத்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான்தான்," என்றாள்.

என் காதில் அது விழுந்தது. விழுந்தும் உள்ளே போகவில்லை. நான் படத்தைப் பார்த்தேன். நேற்றுவரை என்னோடு பேசிக்கொண்டிருந்தவள் மாலைக்குள் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது எங்கம்மா இல்லியா?" என்று கேட்டேன். அப்பாவின் கையைப் பிடித்து உலுக்கினேன். "அப்பா, அது எங்கம்மா இல்லியா?"

அப்பாதான் சொன்னார். என்னிடம் இல்லை, சித்தப்பாவிடம். "என் தப்புதான் சகல. பச்சம்மாவுக்குப் படமே இல்ல. கொழந்த மூஞ்சி தெரியாம வளருது. கன்னிம்மாவுக்கு அவ பொடவயக் கட்டி, மூக்குத்தி போட்டு, பிளாக்பள்ளி ஸ்டுடியோவுக்கு இட்டுக்கினு போனேன். அந்தாளு படத்தத் திருத்தப் பென்சில வச்சிக்கினு ஒக்காந்தாரு. நெத்திய அகலமா போடுன்னேன், போட்டாரு. மூக்க எடுப்பா பண்ணுன்னேன், பண்ணாரு. என்னா தேச்சும் பச்சம்மா வரல. கடசில போதும்யா, இப்புடியே குடுன்னு வாங்கிக்கினு வந்துட்டேன்."

பிளாக்பள்ளி என்பது இப்போது சிவாஜிநகர் என்கிறார்களே, அதுதான்.

"உயிரோட இருக்கறவளுக்கு மால போட்டு, பொட்டு வச்சி, சாம்பிராணி காட்டியிருக்கியே! இத்தன வருஷமா! உனக்கு நெஞ்சு இருக்குதா?" சித்தப்பா பாய்ந்து படத்தைத் தூக்கிவிட்டார். மாலை அறுந்து பூவெல்லாம் சிதறிற்று. தலைக்கு மேல் ஓங்கினார்.

சுரங்கத்தில் சித்தப்பாவோடு கூட வேலை செய்த ஒருவர் நல்லபடியாக இருந்து திடீரென்று காய்ச்சலில் போய்விட்டாராம். அந்தக் கவலையில், மனுஷனுக்கு மனுஷன் என்ன விரோதம் என்று யோசித்துச் சமாதானம் பேச வந்த மனிதர் அவர். வந்த இடத்தில் பார்த்தது இது. அவர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை.

சின்னம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒடைக்காத," என்றாள். "எங்கக்கா மொகத்த நான் கடசியா பாக்கவே இல்ல. ரயிலு வந்து சேர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க. இந்தப் பொண்ணு என் மொகத்தப் பாத்து அம்மா அம்மான்னுச்சு. என் ஆயுசு கொறஞ்சா கொறயட்டும்னுதான் போயி ஒக்காந்தேன். பயமாதான் இருந்துச்சு. அதான் வெரல மடக்கிக்கினேன். நீ ஒடச்சிட்டா இந்தப் பொண்ணுக்கு யாரு இருக்கா?"

விறகுக் குவியலுக்குப் பின்னால் ஓடி ஒளிந்தவளா இப்படிப் பேசினாள் என்று நினைத்தால் இப்போதும் எனக்குத் திகைப்பாக இருக்கிறது. ஆயுசு குறையும் என்று அவள் மெய்யாகவே நம்பினாள். நம்பிக்கொண்டேதான் போய் உட்கார்ந்திருக்கிறாள்.

சித்தப்பா ஓங்கிய கையை இறக்கினார்.

மாலை யாருக்கு

அன்று படையல் எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். சின்னம்மாதான் முடித்தாள். அவள் போட்ட விதிதான் எங்கள் வீட்டு வழக்கமாயிற்று.

"படம் இருக்கட்டும். மால வேணாம், பொட்டு வேணாம். பூவ என் தலையில வைங்க. அக்காவுக்கு வாங்குன பொடவய நான் கட்டிக்கிறேன். நான் படத்துக்குப் பக்கத்துல ஒக்கார்றேன். எனக்கு எல போடுங்க," என்றாள்.

சித்தப்பாவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. ஆனால் உயிரோடிருக்கும் பெண்டாட்டி கண்ணெதிரே உட்கார்ந்து களியும் குழம்பும் சாப்பிடுவதைப் பார்த்ததும் கொஞ்சம் அடங்கினார். அப்பா அவருக்குத்தான் முதல் வடையைப் போட்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. வடை மட்டும் காலியாயிற்று.

நான் அன்று சாப்பிடவில்லை. சில மாதங்கள் அந்தப் படத்தோடு பேசவும் இல்லை. ஏமாற்றிவிட்டாள் என்று ஆத்திரம். யாரிடம் ஆத்திரப்படுவது என்றும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் பள்ளிக்கூடத்தில் நல்ல அடி வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் யாரும் இல்லை. நேரே போய் அவளிடம்தான் சொல்லி அழுதேன். வேறு யார் இருக்கிறார்கள்?

அதற்குப் பிறகு வருஷா வருஷம் சித்தப்பாவும் சின்னம்மாவோடு வந்தார். வந்ததும் முதல் வேலையாகப் படத்தைக் கழற்றி வெளிச்சத்துக்கு எடுத்துப் போய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். கண்ணாடியில் குங்குமச் சுவடு இருக்கிறதா என்று சோதனை! இல்லை என்று உறுதியானால்தான் கால் கழுவிக்கொண்டு உள்ளே வருவார். சின்னம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அவள் புதுப்புடவை கட்டித் தலைநிறையப் பூ வைத்து மணையில் உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் அதே முகம் படத்தில் இருக்கும். அப்பா முதலில் படத்தைக் கும்பிடுவார், பிறகு இலையில் பரிமாறுவார். பரிமாறும்போது சின்னம்மாவின் முகத்தைப் பார்ப்பார். கொஞ்சம் அதிக நேரமே பார்ப்பார். அக்காளின் ஜாடையைத் தேடுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சித்தப்பா மறுபடி வந்தார்

அறுபதுகளின் நடுவில் சின்னம்மா போய்விட்டாள். வயிற்றில் கட்டி என்றார்கள். சாகிற வயசே இல்லை. அப்போது எனக்குப் படிப்பு முடிந்து ஒரு துணிக்கடையில் வேலை. மெஸ்ஸை மூடியபின் அப்பா ஒரு தொழிற்சாலை கேன்டீனில் இருந்தார். நாங்கள் இரண்டு பேரும் தங்கவயலுக்குப் போய் இருந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டு வந்தோம். ஆயுசு குறைந்ததைப் பற்றி அங்கே யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. சித்தப்பாவும் பேசவில்லை.

சில வாரம் கழித்து அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். ஆள் பாதியாகியிருந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"சகல," என்றார். "சின்னவன் அம்மா எங்க, அம்மா எங்கன்னு கேக்கறான். வூட்டுல ஒரு படமில்ல. கல்யாணப் படத்துலயும் நான்தான் நிக்கறேன்."

அதற்கு மேல் அவருக்குச் சொல்ல வரவில்லை. எங்களுக்குச் சொல்லவேண்டியதும் இல்லை. அன்றைக்கு உடைக்க ஓங்கியவர் இன்றைக்கு அதைக் கேட்டு வந்திருக்கிறார். உலகத்தில் சின்னம்மாவுக்கு இருந்தது அந்த ஒரே படம்.

கொடுக்கக்கூடாது என்றுதான் முதலில் தோன்றிற்று. அவருடைய பெண்டாட்டிதான், அவர் பிள்ளைகளுக்கு அம்மாதான், நியாயம் முழுக்க அவர் பக்கம்தான். ஆனாலும் நான் அம்மா என்று கூப்பிட்டது அந்த முகத்தை அல்லவா?

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா எழுந்து படத்தைக் கழற்றிவிட்டார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. துண்டால் துடைத்து, பழைய வேட்டியில் சுற்றி, சித்தப்பாவின் கையில் கொடுத்தார்.

"அப்ப பொண்ணுக்கு?" என்று சித்தப்பா என்னைப் பார்த்தார்.

"நான் இருக்கேன் இல்ல. நான் சொல்றேன் அவளுக்கு," என்றார் அப்பா.

சித்தப்பா படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மத்தியான ரயிலுக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் நான் அப்பாவிடம் திரும்பினேன். எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"சரி, சொல்லுங்க. அம்மா எப்புடி இருப்பாங்க? இத்தன வருஷம் நான் கேட்டதே இல்ல. படம் இருந்துச்சு, கேக்கல. இப்ப சொல்லுங்க."

அப்பா தரையில் உட்கார்ந்தார். "நெத்தி அகலமா..." என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். "மூக்கு..." என்றார். கண்ணை மூடிக்கொண்டார். நான் காத்திருந்தேன். அவர் முகம் கோணிக்கொண்டு வந்தது.

"வரலம்மா," என்றார்.

"இன்னா வரல?"

"உங்கம்மா வரல. கண்ண மூடுனா கன்னிம்மாதான் வர்றா. கட்டவெரல மடக்கிக்கினு நாக்காலில ஒக்காந்துக்கினு இருக்கா."

"எப்பத்துலேருந்து?"

"படம் மாட்டி ரெண்டு மூணு வருஷத்துலியே. சரியாப்பூடும்னு நெனச்சேன். யார்கிட்ட சொல்றது? பெத்த பொண்ணுகிட்ட சொல்லவா, உங்கம்மா மொகத்த நான் தொலச்சிட்டேன்னு?"

என் அம்மாவின் முகத்தை அறிந்தவர்களில் மிச்சம் இருந்தவர் அவர் ஒருத்தர்தான். சின்னம்மா போய்விட்டாள். சித்தப்பாவிடம் பிறகு கேட்டேன். கல்யாணத்தில் ஓடி ஒளிந்ததைத்தான் பார்த்தேன் கண்ணு, மொகம் சரியா பாக்கலியே என்றார். உறவில் அவளோடு பழகிய பெரியவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், லைனில் அந்தக் காலத்து ஜனங்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள். நான் தெரிந்துகொள்ளவேண்டும் என்று அப்பா மாட்டிய படம், அவருக்குத் தெரிந்ததையும் அழித்துவிட்டது.

"அப்ப அந்தப் படத்த ஏன் அவ்ளோ சுளுவா குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"அது செவுத்த உட்டு எறங்குனா பச்சம்மா திரும்பி வருவாளான்னு பாக்கறேன்," என்றார் அப்பா.

அந்தக் குளிர்காலத்தில் படையலுக்குப் படம் இல்லை. செம்பில் தண்ணீர் வைத்து, மஞ்சளும் பூவும் வைத்து, பக்கத்தில் புதுப்புடவையை மடித்து வைத்தோம். நான்தான் பிதுக்கம்பருப்புக் குழம்பு வைத்தேன். கும்பிட்டு முடிந்ததும் வழக்கப்படி புடவையை எடுத்துப் போய்க் கட்டிக்கொண்டு வந்து அப்பா எதிரில் மணையில் உட்கார்ந்தேன். அவர் பரிமாற வந்தவர், கரண்டியை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"வந்தாங்களா?" என்று கேட்டேன்.

வெகுநேரம் பார்த்தார்.

"இன்னும் இல்லம்மா," என்றார்.

அப்பா உயிரோடிருந்த வருஷமெல்லாம் படையலன்று புடவையைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்டேன். அவரும் அதே பதிலைத்தான் சொன்னார்.